சாம்பலும் சுண்ணாம்பும் எத்தனை டன் தாங்கும்?

சிமெண்டே போடாமல் கான்கிரீட் செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால் நான் நேராக முல்லைப் பெரியாறுக்குப் போய்விடுவேன். 1887இல் வேலை தொடங்கி 1895இல் முடிந்த அணை. பென்னிகுயிக் கட்டியது, தேனிப் பக்கம் இன்றும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். 176 அடி உயரமுள்ள அந்த அணையின் வயிற்றை நிரப்பியிருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்த கான்கிரீட். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லை இடித்த பொடி. அப்போது போர்ட்லாண்ட் சிமெண்டு உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜோசப் ஆஸ்ப்டின் 1824லேயே இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இருந்தும் பெரியாற்றில் சுண்ணாம்பையும் செங்கல் பொடியையும் நம்பிக் கட்டினார்கள்.

உடனே 'நம் முன்னோர்களுக்குத் தெரியாததா' என்று ஆரம்பிக்கப் போவதில்லை. அந்தச் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து கசிந்ததும் உண்மை. 1979க்குப் பிறகு அணையின் தலையில் கான்கிரீட் மூடி, உள்ளே இழுத்துக் கட்டிய எஃகு வடம், முதுகில் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தினார்கள். ஆக, சிமெண்டு இல்லாமல் நிற்கும், நூறு வருடமும் நிற்கும், ஆனால் எதற்கு எவ்வளவு என்ற கணக்கோடுதான் நிற்கும். அந்தக் கணக்கைத்தான் இங்கே பேச வந்தேன்.

காரணம் என் மாமா. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் போகிற சாலையில் அவருக்கு ஒரு சிமெண்டுக் கல் பட்டறை இருக்கிறது. சுவர்க் கல், லோங்காங் (சாக்கடை) மூடி, நடைபாதைக் கல், சாமி மேடைக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் வார்ப்பார். செம்பனைக் குலையிலிருந்து பாமாயில் எடுக்கும் ஆலையில் வேலை செய்யும் ஒருவர், 'பாய்லர் சாம்பலைக் கொட்ட இடம் இல்லை, எடுத்துக்கிறீங்களா' என்று கேட்டதிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்லை.

"சாம்பல சும்மா தர்றாங்க பாப்பா. சுண்ணாம்பு ஈப்போல கெடைக்குது. சிமெண்டு வெல ஏறிக்கிட்டேதான் போவுது. ரெண்டையும் கலந்து கல்லு போட்டா நிக்குமா, நிக்காதாலா? நீதான கல்லு ஒடச்சவ?"

கல் உடைத்தவள்தான். ஈப்போவில், கான்கிரீட்டைக் கலந்தே லோரியில் அனுப்பும் ஒரு ரெடிமிக்ஸ் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் கியூப் உடைப்பதே என் பிழைப்பாக இருந்தது. லோரியில் வரும் கான்கிரீட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து, பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் இருக்கும் இரும்பு அச்சில் குத்தி நிரப்பி, மறுநாள் பிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவோம். ஏழாம் நாள் சில கட்டிகள், 28ஆம் நாள் மற்றவை, எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். வீடு கட்டும்போது 'கிரேடு 25' என்று சொல்கிறார்களே, அதன் பொருள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். கட்டியின் முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் சுமார் 57 டன். செம்பனைக் குலை ஏற்றி நிறைந்த லோரி இரண்டை அந்தச் சின்னக் கட்டியின் தலையில் நிறுத்துவது மாதிரி. அதற்குக் கீழே உடைந்தால் பொறியாளர் போன் செய்வார், முதலாளி கத்துவார், நான் அறிக்கையை மறுபடி எழுதுவேன்.

இந்த வேலையில் எனக்கு ஆழமாகப் பதிந்த விஷயம் அந்த 28 என்ற எண்தான். உலகத்தில் எங்கே போனாலும் கான்கிரீட்டின் வலு என்றால் 28ஆம் நாள் வலு. சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டு அதற்குள் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். அதனால் அந்த நாள் அதற்குப் பொருத்தமான தேர்வு நாள். சாம்பலும் சுண்ணாம்பும் அப்படிப்பட்ட மாணவர்கள் இல்லை. 28ஆம் நாள் கேட்டால் திணறும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

ஏன் என்று மாமாவுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சிமெண்டில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள் பிறக்கின்றன. ஒன்று கால்சியம் சிலிகேட் பசை. மணலையும் கல்லையும் பிடித்து வைப்பது அதுதான்; கான்கிரீட்டின் வலுவெல்லாம் அதிலிருந்துதான். இன்னொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது வெற்றிலைக்குத் தடவுகிறோமே அதே நீற்றிய சுண்ணாம்பு. சிமெண்டு இறுகும்போது இந்தச் சுண்ணாம்பு கூடவே உண்டாகி, பெரிய உபகாரம் ஒன்றும் செய்யாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். இப்போது அந்தச் சுண்ணாம்பின் பக்கத்தில் நல்ல சிலிக்கா கிடைத்தால் இரண்டும் தண்ணீரில் கலந்து அதே கால்சியம் சிலிகேட் பசையாக மாறும். நான் 'அதே' என்று சொல்வதைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட அதே பொருள்தான். சிமெண்டுச் சூளை சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரியில் சுட்டு முதலிலேயே சேர்த்துவைத்த இரண்டையும், நாம் கல் பட்டறையில், வெயில் சூட்டில், பொறுமையாகச் சேர்க்கிறோம். சிமெண்டு நமக்குக் கூடுதலாக விற்பது வேகம்.

ஆனால் எந்தச் சிலிக்காவும் ஆகாது. ஆற்று மணலும் சிலிக்காதான். அதைச் சுண்ணாம்போடு கலந்து வைத்தால் அவ்வளவாக ஒன்றும் நடக்காது, ஏனென்றால் மணலின் சிலிக்கா படிகமாக இறுகிப் போனது. அதை மசிய வைக்க அழுத்த நீராவி வேண்டும். வில்ஹெல்ம் மிக்கேலிஸ் என்ற ஜெர்மானியர் 1880இல் அப்படித்தான் சுண்ணாம்பு மணல் கல்லுக்குக் காப்புரிமை வாங்கினார். சாதாரணச் சூட்டில் வினை நடக்க வேண்டுமென்றால், சிலிக்கா கண்ணாடி மாதிரி ஒழுங்கற்று இருக்க வேண்டும், மாவு போல நைசாகவும் இருக்க வேண்டும். எரிமலைச் சாம்பல் அப்படி. நேப்பிள்ஸ் பக்கத்துப் பொட்சுவோலியிலும் ரோமைச் சுற்றியும் கிடைத்த அந்தச் சாம்பலையும் சுண்ணாம்பையும் வைத்துத்தான் ரோமர்கள் கட்டினார்கள். ரோமில் 43 மீட்டர் அகலமான பாந்தியன் கோயிலின் குவிமாடம் கம்பி ஒன்றுகூட இல்லாமல் இன்னும் நிற்கிறது. சுட்ட செங்கல் பொடியும் அந்த வகை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில் பிடிக்கும் சாம்பல், உமிச் சாம்பல், நம் செம்பனைச் சாம்பல் எல்லாம் அதே குடும்பம்.

இரும்புக் கசடு கொஞ்சம் மேல்சாதி. ஊதுலையில் இரும்பு உருகும்போது மேலே மிதக்கும் கசடைத் தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் கண்ணாடி மணலாகிவிடும். அதை அரைத்தால் நாம் ஸ்லாக் என்று சொல்லும் வெளிர் தூள். அதற்குள்ளேயே சுண்ணாம்பும் சிலிக்காவும் இரண்டும் உண்டு. தனியாகத் தண்ணீர் ஊற்றினால் சோம்பிக் கிடக்கும். மேலே ஒரு தோல் கட்டிக்கொண்டு உள்ளே தண்ணீரை விடாது. கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் காரம் ஏறி அந்தத் தோல் கழன்றுவிடும், வினை ஓட ஆரம்பிக்கும். எமில் லாங்கன் என்ற ஜெர்மானியர் 1862இல் இதைக் கண்டார். கொஞ்சம் ஜிப்சமும் சேர்த்தால் முதல் சில நாட்களிலேயே பிடி கிடைக்கும். இந்தியாவில் விசாகப்பட்டினத்திலிருந்து பானுமதிதாஸ், காளிதாஸ் என்ற தம்பதி சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்து 'ஃபால்ஜி' என்ற கல்லைப் பரப்பினார்கள். சூளையே வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும். தமிழ்நாட்டில் 'ஃப்ளை ஆஷ் கல்' என்று இன்று லோரி லோரியாகப் போவதற்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

சரி, நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம்.

ஆலைக்குள் நூறு டன் குலை போனால் ஏறக்குறைய இருபது டன் எண்ணெய் வரும். காய் உதிர்ந்த வெறுங்குலை இருபத்திரண்டு டன்னுக்குப் பக்கம். நார் பதின்மூன்று, கொட்டை ஓடு ஆறு என்று வையுங்கள். நாரும் ஓடும்தான் பாய்லருக்குத் தீனி. அவற்றை எரித்தால் நூற்றுக்கு ஐந்து பங்கு சாம்பலாக மிஞ்சும். அதாவது நூறு டன் குலைக்கு ஒரு டன் சாம்பல். சின்னது என்று தோன்றும். மணிக்கு முப்பது, அறுபது டன் குலையை அரைக்கும் ஆலைகளைக் கணக்குப் போட்டால், மலேசியா முழுக்க எவ்வளவு குவியும் என்று தெரியும். சில இடங்களில் பொட்டாஷ் சத்துக்காகச் செம்பனை மர அடியில் போடுகிறார்கள், மீதி குழியில். பாய்லருக்குள் உருகிக் கட்டியான கிளிங்கரைத் தோட்டத்துச் சாலைப் பள்ளத்தில் கொட்டுவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம்.

செம்பனைச் சாம்பலைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் 1990களிலிருந்தே ஆராய்ந்துவருகின்றன. நன்றாக அரைத்து, சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போட்டால், கான்கிரீட் வழக்கமான வலுவுக்குச் சமமாகவும் சில சமயம் கூடுதலாகவும் வரும் என்பது அந்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. 'அரைத்து' என்ற சொல்லில்தான் பாதிப் பாடு. பாய்லரிலிருந்து வரும் சாம்பல் சாம்பலாகவே இராது. கறுப்பாக, பாதி எரிந்த நார் கலந்து, கல்லும் கட்டியுமாக வரும். எரியாத கரி தண்ணீரை உறிஞ்சும். சலிக்க வேண்டும், முடிந்தால் இன்னொரு முறை சூடு காட்ட வேண்டும், அப்புறம் மாவாக அரைக்க வேண்டும். சும்மா தருகிறார்கள் என்று மாமா சொன்ன சாம்பல், அரைத்து முடிக்கும்போது சும்மா கிடைத்ததாக இராது. இதை அவருக்குப் புரியவைப்பதற்குள் இரண்டு கோப்பி ஆறிப்போனது.

நிலக்கரிச் சாம்பல் இதைவிடச் சீரானது. பேராக்கிலேயே மஞ்சோங்கில் பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. சிலாங்கூரில் காப்பார், நெகிரி செம்பிலானில் ஜிமா, ஜொகூரில் தஞ்சோங் பின். அந்தச் சாம்பல் ஏற்கெனவே குட்டிக் குட்டி உருண்டைகளான நைசான தூளாக இருக்கும், கலவை வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதை ஆளாளுக்கு லோரி எடுத்துப்போய் அள்ளிவர முடியாது. 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிகளுக்குள் அது வரும். ஆர்செனிக், பாதரசம் போன்றவை துளித்துளியாக அதில் இருக்கலாம் என்பதால் அனுமதி, பதிவேடு எல்லாம் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடப்போகும் கல் அது. ஸ்லாக்குக்கோ நமக்குத் தூரம் பகை. ஊதுலைகள் கிழக்குக் கரையில், குவாந்தான், கெமாமான் பக்கம்.

சுண்ணாம்பு மட்டும் நம் முற்றத்துச் சரக்கு. ஈப்போவைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக் குன்றுதான். ஆனால் எனக்குச் சுண்ணாம்பு முதலில் அறிமுகமானது குன்றிலிருந்தோ தோட்டத்து லயத்துச் (தொழிலாளர் வீட்டு வரிசை) சுவரிலிருந்தோ இல்லை, அப்பாவின் தலையிலிருந்து. விடியாத இருட்டில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கார்பைட் விளக்குக் கட்டிக்கொண்டு போவார். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும், அது எரியும். வீட்டுக்கு வந்ததும் விளக்கைக் கழற்றி, அடியில் தங்கிய வெள்ளைச் சேற்றை வாசலோரம் கொட்டுவார். பூண்டு நாற்றம் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் வேதியியல் படித்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சேறு நீற்றிய சுண்ணாம்பு என்று. வெல்டிங்குக்கு வாயு தயாரிக்கும் ஆலைகளில் இதே சேறு டன் டன்னாகக் கழிவாக வருகிறது. சாம்பலும் கழிவு, சுண்ணாம்பும் கழிவு. அதற்காகப் புதிதாக ஒரு கல்லைக்கூடச் சுட வேண்டாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிமெண்டு கெட்டது, சுண்ணாம்பு நல்லது என்று சிலர் எழுதுகிறார்கள். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு வரும், 44 கிலோ கரியமில வாயு வானத்துக்குப் போகும். இதை எந்தச் சூளையும் மாற்ற முடியாது, கல்லின் இயல்பு அது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால், கல்லிலிருந்து கிளம்பும் வாயு சுண்ணாம்பில்தான் சிமெண்டைவிட அதிகம். சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும் என்பதால் எரிபொருள் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். சாம்பல் கான்கிரீட் ஜெயிப்பது வேறு காரணத்தால்: பசைத்தூளில் ஐந்தில் ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தால் போதும், மீதியெல்லாம் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். உலகத்தின் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது என்னும்போது இது சின்னக் காரியம் இல்லை.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகும் வழியில் காந்தான் குன்று தெரியும். ஒரு பக்கம் வெட்டி வெட்டி வெள்ளையாகிக் கிடக்கும். அங்கே இருக்கும் குகையின் பெயரால் அறியப்படும் ஒரு சிலந்தி இருக்கிறது, மண்ணில் கதவு வைத்து வாழும் பழங்கால இனம். 1997இல் பெயர் வைத்தார்கள். 2014இல் அங்கே கண்ட ஒரு குட்டி நத்தைக்கு, அந்தக் குன்றை வெட்டிக்கொண்டிருந்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே அறிவியல் பெயராக வைத்துவிட்டார்கள். கிண்டலா, வேண்டுகோளா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது மாமாவின் கேள்வி: நிக்குமா? சிமெண்டில்லாக் கலவைகள் எல்லாம் ஒரே வலு இல்லை. அரைத்த ஸ்லாக்கைச் சுண்ணாம்போடு ஒழுங்காகச் சேர்த்தால் 28 நாளில் 20, 30 நியூட்டன் வருவது அதிசயம் இல்லை. எரிசோடா, சோடியம் சிலிகேட் என்று கடுமையான காரம் ஊற்றிக் கிளப்பினால் 50, 60கூட எட்டும். ஆனால் அந்தக் காரம் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கையுறை கொடுத்தாலே போட மறுக்கும் ஆட்களை வைத்து வேலை வாங்கும் நம் பட்டறைகளுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சலவைச்சோடாவைச் சுண்ணாம்போடு கலந்தால் கலவைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிசோடா உண்டாகும். கொஞ்சம் சாதுவான வழி, அங்கேயும் கையுறை கட்டாயம். ஸ்லாக் இல்லாமல், காரம் இல்லாமல், வெறும் சாம்பலும் சுண்ணாம்பும் என்றால் 28ஆம் நாள் 10ஐத் தொடுவதே பெரிய காரியம். அதற்குப் பிறகும் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கும், ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால்.

10 போதுமா? இங்கேதான் நாமெல்லாம் ஏமாந்துபோயிருக்கிறோம் என்று நினைக்கிறேன். சுவர்க் கல்லுக்கு 5, 7 இருந்தால் போதும். சுமை தாங்காத தடுப்புச் சுவருக்கு அதுவும் வேண்டாம். ஆட்டுக்கொட்டகைத் தரை, பூச்செடி ஓரக்கல், கோயில் வாசலில் காலணி வைக்கும் மேடை, இவை எதற்கும் 57 டன் கணக்கு தேவையே இல்லை. ஆனாலும் இங்கே எதைக் கட்டினாலும் அதே சிமெண்டு மூட்டையைத்தான் பிரிக்கிறோம், ஏனென்றால் கடையில் அது ஒன்றுதான் இருக்கிறது. தாமானில் (குடியிருப்பில்) இருபது வருடமாக இரண்டு பேர் நடந்துபோகும் பாதைக்கும், பாலத்துத் தூணுக்கும் ஒரே பொருள்.

தூண் என்றதும் ஒரு எச்சரிக்கை. கம்பி போட்ட எதையும், தூண், உத்திரம், மாடித்தளம் எதையும், சாம்பல் சுண்ணாம்புக் கலவையில் வார்க்காதீர்கள். வலு குறைவு என்பது ஒரு காரணம் மட்டுமே. சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அந்தக் காரச் சூழல்தான் காவல். நான் மேலே உபகாரம் இல்லை என்று சொன்ன சுண்ணாம்பு, கம்பி விஷயத்தில் மட்டும் காவல்காரன். சாம்பல் அதைத் தின்றுவிட்டால், காற்றில் இருக்கும் கரியமில வாயுவும் உள்ளே புகுந்தால், காரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பாந்தியனிலும் பெரியாற்று அணை கட்டியபோதும் கம்பி இல்லை என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் அவற்றை உதாரணம் காட்டுகிறார்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் மாமா விடவில்லை. "சரி, கம்பி வேணாம். கல்லு மட்டும் போட்டுப் பாப்போம்" என்றார். சாம்பலை அரைக்க எங்கே போவது? மாவு மில்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார், தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க வருபவர்கள் தன்னை அடிப்பார்கள் என்று. கடைசியில் மண்பாண்டப் பட்டறை ஒன்றில் இரும்புக் குண்டுகள் உருளும் அரைவை உருளை கிடைத்தது. கறுத்த சாம்பல் அங்கே போய்ச் சாம்பல் நிறத்துக்குத் திரும்பி, விரலில் எடுத்தால் பவுடர் மாதிரி வழுக்கியது. மூன்று பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, கொஞ்சம் ஜிப்சம், மணல், சின்னக் கல். தண்ணீரை நான்தான் ஊற்றினேன், வேறு யாரையும் தொட விடவில்லை. மாமாவின் ஆட்கள் கலவை இளகாவிட்டால் உடனே குழாயைத் திறப்பார்கள். எந்தக் கான்கிரீட்டானாலும் வலுவைக் கொல்வது அந்தக் குழாய்தான்.

மறுநாள் அச்சைப் பிரித்தால் மூலைகள் உதிர்ந்தன. மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரத்திலும் நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. பட்டறை ஆட்கள் அதற்கு 'ரொட்டி' என்று பெயர் வைத்தார்கள். ஈரச் சாக்குப் போட்டு மூடி, பிளாஸ்டிக் விரித்து, அப்படியே விடச் சொன்னேன். நம் ஊர் வெப்பம் இதற்கு ஒரு வரம். ஐரோப்பியச் சோதனைக் கணக்கெல்லாம் 20 டிகிரித் தண்ணீரில் நடப்பது. பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு தோராய விதி. பேராக்கில் அந்தப் பத்து டிகிரியை வானமே இலவசமாகத் தருகிறது, ஈரத்தையும் சேர்த்து. மழைக்காலம் முடிகிற சமயத்தில் மாமா ஒரு கல்லை எடுத்துச் சிமெண்டுக் கல்லோடு மோதிப் பார்த்தார். இரண்டும் கணீரென்றன. ஆணியால் கீறிப் பார்த்தார். அப்புறம் ஆட்களைக் கூப்பிட்டு, இனிமேல் எவனும் அதை ரொட்டி என்று சொல்லக் கூடாது என்றார்.

கணீரென்ற சத்தம் சோதனை ஆகாது என்பது எனக்குத் தெரியும். நசுக்கிப் பார்த்து, தண்ணீர் உறிஞ்சுவதைப் பார்த்து, ஊறவைத்த தண்ணீரில் உலோகம் இறங்குகிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்து, அதன் பிறகுதான் விற்பனை. அதைச் செய்துவிடலாம். மாமாவை நிறுத்தியிருப்பது வலுவே இல்லை, இடம். சிமெண்டுக் கல்லை இரண்டு வாரத்தில் லோரியில் ஏற்றிவிடுவார். மூன்று மாதம் ஈரத்தில் வைக்க வேண்டிய கல் என்றால் அவருடைய பட்டறையைப் போல ஆறு பட்டறை நிலம் வேண்டும். சாம்பல் இலவசம், சுண்ணாம்பு மலிவு, நிலம்? சிமெண்டு விற்கும் வேகத்தின் விலை இதுதான் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

சூடு கொடுத்தால் காலம் சுருங்கும். ஆலையில் நீராவி இருக்கிறது. குலையை அவிக்கும் ஸ்டெரிலைசரில் மூன்று பார் அழுத்தம், 140 டிகிரி. அந்த நீராவியில் ஒரு குழாய் இழுத்தால் மாதங்கள் நாளாகும். சாம்பல் பிறக்கும் இடத்திலேயே கல் வெந்துவிடும். ஆனால் ஆலைக்காரர்களுக்கு எண்ணெய்தான் தொழில். பட்டறைக்காரர் ஒருவர் கேட்கிறார் என்று நீராவிக் குழாயில் கை வைக்க எந்த எஞ்சினியர் கையெழுத்துப் போடுவார்?

அதனால் இப்போது எங்கள் கண் தோட்டத்தில் ரப்பர் பாலைப் பக்குவம் செய்த பழைய ரப்பர் ஸ்டோர் மேல் விழுந்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், அந்தத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) பணம் கட்டி அதில் சேர்ந்தார்கள். அப்படிக் கைமாறிய தோட்டங்களானாலும் சரி, மாறாதவையானாலும் சரி, பின்னாளில் பெரும்பாலும் பால்மரத்தை வெட்டிச் செம்பனைக்கு மாறின. ஸ்டோர் கட்டடங்கள் ஒன்றிரண்டு மட்டும் சும்மா நிற்கின்றன. பால் உறையவைத்த தொட்டிகள் அப்படியே இருக்கின்றன, கல்லை ஊறவைக்க இதைவிட நல்ல தொட்டி கிடையாது. பக்கத்தில் புகைவீடு. ரப்பர் ஷீட்டை 50, 60 டிகிரியில் காயவைத்த அறை. பிளாஸ்டிக் சுற்றி ஈரத்தைப் பிடித்துவைத்தால் சாம்பல் கல்லுக்கு அந்தச் சூடு அளவெடுத்துத் தைத்தது போன்றது. விறகுக்குப் பதில் செம்பனை ஓடு எரிக்கலாம், அந்தச் சாம்பலும் வீண் போகாது.

மாமா போன வாரம் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கிராணியாரை (ஆபீஸ் குமாஸ்தாவை) பார்த்துவிட்டு வந்தார். வாடகைக்குக் கேட்டிருக்கிறார். கிராணியார் சிரிக்கவில்லை என்பதே நல்ல சகுனம் என்கிறார் மாமா. மானேஜரிடம் சொல்கிறேன், முதலில் அந்தக் கல்லில் இரண்டைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றாராம், கூடவே ஆய்வுக்கூடத்துத் தாளும். மழைக்காலத்துக் கல்லில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். நசுக்கக் கொடுப்பதற்கு மாமாவுக்குத்தான் மனசு வரவில்லை.